புயல் கடந்த பின்: மீட்புப் பணியில் அரசும் ஊர்மக்களும்

வங்காள விரிகுடாவின் கரைகளில் கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் புயலால் இறப்போரின் எண்ணிக்கை பன்மடங்கு குறைந்துள்ளது. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டனர். 1977 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தில் கிருஷ்ணை ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள திவிசீமைக்குள் கடல் புகுந்தபோது ஏறத்தாழ 10,000 பேரும், 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவின் ஜகத்சிங்பூர்ப் பகுதியைப் பெரும்புயல் தாக்கியபோது ஏறத்தாழ அதே அளவினரும் உயிரிழந்தனர். அதே ஒடிசாவில் 2013 அக்டோபரில் பைலின் புயல் கரை கடந்தபோது, ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தமையால், உயிரிழப்பு 50-க்கும் கீழே நின்றது. செயற்கைக்கோள்களும் வானிலை ஆய்வும் இம்மாற்றத்துக்கு அடிப்படையாக அமைந்தன எனினும், எச்சரிக்கையைக் கடைசி வீடு வரை கொண்டு சென்று, வீட்டையும் கால்நடையையும் விட்டு வர மறுக்கும் முதியோரை இணங்க வைத்து, இருட்டில் அவர்களைப் பாதுகாப்பு மையத்தில் சேர்த்தவர்கள் அந்தந்த ஊர்களின் தொண்டர்களே ஆவர்.

உயிரைக் காப்பதில் அரசும் மக்களும் இவ்வாறு கைகோத்து வென்றிருக்க, உயிர் தப்பியவரின் வாழ்வை மீட்பதில் அத்தகைய கூட்டுறவு ஏன் உருவாகவில்லை என்பதே இவ்வறக்கட்டளைச் சொற்பொழிவு ஆராயும் வினாவாகும். 2018இல் காவிரிப் படுகையைத் தாக்கிய கஜா புயல் இவ்வினாவுக்குரிய முதன்மைச் சான்றாகவும், ஒடிசா, வங்கதேசம், கேரளம், ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நாகப்பட்டினம் ஆகியவை ஒப்பீட்டுச் சான்றுகளாகவும் இங்குக் கொள்ளப்படுகின்றன. மீட்புப் பணியில் அரசும் மக்களும் சந்திக்க வேண்டிய இடம் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சியும் அதன் கிராம சபையும் என்பதும், அந்த இடம் வெறுமையாக இருக்கும் காலத்தில் எவ்வளவு நிதியும் எத்துணை நல்லெண்ணமும் உரியவரைச் சென்றடையாமல் சிதறும் என்பதும் இச்சொற்பொழிவின் முடிபாகும்.

1. மூன்று கட்டங்கள்

பேரிடர் மேலாண்மை நூல்கள் புயல் சார்ந்த பணிகளை மூன்று கட்டங்களாகப் பகுக்கின்றன. புயலுக்கு முந்தைய எச்சரிக்கை, வெளியேற்றம், பாதுகாப்பு மையங்களின் ஏற்பாடு ஆகியவை ஆயத்தக் கட்டம். புயல் ஓய்ந்த முதல் சில வாரங்களில் உணவு, குடிநீர், மருந்து, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றை வழங்குவது நிவாரணக் கட்டம். அதன்பின் மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் நீளும் வீடு கட்டுதல், நிலத்தைத் திருத்துதல், தொழிலை மீண்டும் நிறுவுதல், கடனிலிருந்து மீளுதல் ஆகியவை மீட்புக் கட்டம். 2015 மார்ச்சில் ஜப்பானின் செண்டாய் நகரில் ஐக்கிய நாடுகள் அவையின் மாநாடு ஏற்ற பேரிடர் இடர்குறைப்புச் சட்டகம், இம்மூன்றாம் கட்டத்தில் இழந்ததை இழந்தபடியே திரும்பக் கட்டாமல் முன்னிலும் உறுதியாகக் கட்ட வேண்டும் என்பதைத் தன் நான்கு முன்னுரிமைகளுள் ஒன்றாக வைத்தது.

இக்கட்டங்களுள் முதலாவதற்கு நாள் குறிக்கப்பட்டுள்ளது; அறிவிப்பு வந்தவுடன் ஒவ்வோர் அலுவலரும் எங்கு நிற்க வேண்டும் என்பது முன்பே எழுதப்பட்டுள்ளது. இரண்டாவதற்கு நாடே திரும்பிப் பார்க்கிறது. அமைச்சர்களும் தன்னார்வலர்களும் செய்தியாளர்களும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றனர். மூன்றாவதற்கோ முடிவு நாளும் இல்லை, பார்வையாளரும் இல்லை, பல மாவட்டங்களில் அதற்கென ஒரு பொறுப்பு அலுவலரும் இல்லை. பாதிக்கப்பட்ட குடும்பம் வறுமைக்குள் வீழ்வதும் மீள்வதும் முடிவாவது இம்மூன்றாம் கட்டத்திலேதான்.

2. உயிர்காப்பில் கண்ட கூட்டுறவு

போலா புயலின் பேரழிவுக்குப் பின், புதிதாகப் பிறந்த வங்கதேசத்தில் அரசும் செம்பிறைச் சங்கமும் இணைந்து புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. கடலோர ஊர்தோறும் அவ்வூர் மக்களிலிருந்தே தொண்டர்களைத் தேர்ந்து, கொடியும் ஒலிபெருக்கியும் முதலுதவிப் பயிற்சியும் அளித்து, அவர்களை அரசின் எச்சரிக்கை அமைப்போடு நேரடியாக இணைத்தது அத்திட்டத்தின் சிறப்பு. இன்று அதில் 76,000-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் உள்ளனர். அவர்களுள் பாதிப் பேர் பெண்கள். 1991 ஏப்ரல் புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்த அந்நாட்டில், 2007 நவம்பரில் சிதர் புயல் வந்தபோது உயிரிழப்பு 3,000-க்குச் சற்று மேலாகக் குறைந்தது. ஒடிசா அரசு 1999ஆம் ஆண்டுப் பெரும்புயல் கடந்த இரு மாதங்களுக்குள், நாட்டில் தேசிய அளவிலான சட்டம் எதுவும் தோன்றுவதற்கு முன்பே, தனக்கெனப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒன்றை நிறுவி, புயல் பாதுகாப்பு மையங்களின் பராமரிப்பை ஊர்க் குழுக்களிடம் ஒப்படைத்தது.

இவ்விரு முயற்சிகளுக்கும் பொதுவான கூறுகள் இரண்டு உண்டு. புயலுக்கு முன்பே, அமைதியான காலத்தில், ஊரில் ஒரு நிலையான அமைப்பு உருவாக்கப்பட்டிருந்தது என்பது ஒன்று. அவ்வமைப்பு அரசால் அங்கீகரிக்கப்பட்டு, அதன் சொல் மாவட்ட நிர்வாகத்தின் செவிக்கு எட்டும் வழி வகுக்கப்பட்டிருந்தது என்பது மற்றொன்று. மீட்புக் கட்டத்தில் குறைவுபடுவனவும் இவ்விரண்டே என்பதைக் கஜா புயல் காட்டியது.

3. கஜா: தாக்கமும் முதல் நாட்களும்

2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா, கடலோரத்தோடு வலுவிழந்துவிடாமல், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் உட்பகுதிகளையும் கடந்து சென்றது. புயலுக்கு முன் 80,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரம் நேர்ந்தபோதிலும், புயலின் வலிமையை நோக்க முன்னேற்பாடு பெருமளவு பயனளித்தது என்றே கூற வேண்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் அதனைப் பாராட்டியது.

உயிர்ப்பலி பெருமளவு தடுக்கப்பட்ட அதே புயல்நாளில் வாழ்வாதாரம் வேரோடு சாய்ந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் இரு தலைமுறைகளாக வளர்ந்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் தரையில் கிடந்தன. வேதாரண்யத்தில் மாமரங்கள் முறிந்தன. உப்பளங்களைக் கடற்சேறு மூடியது. படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து நொறுங்கின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தமையால் மேல்நிலைத் தொட்டிகளுக்கு நீரேற்ற இயலாமல் குடிநீரும் நின்றது. நெட்டை இனத் தென்னை நட்ட ஆறேழு ஆண்டுகளுக்குப் பின்னரே காய்க்கத் தொடங்கும் என்பதையும், காய்ப்பு தொடங்கிய மரம் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வருவாய் தரும் என்பதையும் நினைவில் கொண்டால், அங்கு அழிந்தது ஓராண்டு விளைச்சல் அல்ல, ஒரு குடும்பத்தின் ஓய்வூதியமும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் மகளின் திருமணச் செலவும் ஆகும் என்பது விளங்கும்.

முதல் வாரங்களில் அரசும் மக்களும் இணைந்து செய்த பணிகளுள் மின்சீரமைப்பு தலையாயது. தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்த மின்பணியாளர்கள் சேற்று வயல்களில் இறங்கி வேலை செய்தனர்; ஊர் இளைஞர்கள் அவர்களோடு கம்பங்களைத் தோளில் சுமந்தனர், குழி தோண்டினர்; வீடிழந்த குடும்பங்களே அவர்களுக்குச் சோறு சமைத்துப் போட்டன. இன்ன தெருவில் எத்தனை கம்பங்கள் நட வேண்டும் என்பது ஊராருக்குத் தெரியும். எப்படி நட வேண்டும் என்பது மின்வாரியத்துக்குத் தெரியும். எது முடிந்தது, எது முடியவில்லை என்பதை விளக்கு எரிவதைக் கொண்டு யாரும் சரிபார்க்கலாம். பொறுப்பு தெளிவாகவும் அளவு வெளிப்படையாகவும் இருந்த அப்பணியில் ஒருங்கிணைப்பு தானாக அமைந்தது. இழப்பீட்டிலும் மறுவாழ்விலும் இவ்விரண்டும் இல்லாமையால் அது அமையவில்லை.

4. பட்டியல் என்னும் மையம்

புயலுக்குப் பிந்தைய அரசு உதவி முழுவதும் ஒரு பட்டியலைச் சார்ந்தே இயங்குகிறது. எவருடைய குடிசை முழுதாகச் சேதமுற்றது, எவருடையது பகுதியாகச் சேதமுற்றது, எத்தனை மரம் சாய்ந்தது, எத்தனை ஆடு மாடு இறந்தது என்னும் விவரங்களைக் கிராம நிர்வாக அலுவலர் முதலில் தொகுக்கிறார். வருவாய்த்துறையும் வேளாண்மை, தோட்டக்கலை, மீன்வளம், கால்நடைத் துறைகளும் அதனைச் சரிபார்க்கின்றன. பட்டியலில் பெயர் உள்ளவர் உதவிக்குரியவர். இல்லாதவர் மனுவோடு அலைபவர். அதனால், மீட்பில் மக்களின் பங்கேற்பு என்பது எவ்வளவு உண்மையானது என்பதை அளக்க, அப்பட்டியலை யார் எழுதினர், எங்கு வாசித்தனர், தவறு நேர்ந்தால் எங்கு முறையிட முடிந்தது என்னும் மூன்று வினாக்கள் போதும்.

கஜாவுக்குப் பின் தமிழக அரசு தென்னைக்கு அறிவித்த இழப்பீட்டை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சாய்ந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், அதனை வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் என வகுத்து, எக்டேருக்கு 175 மரங்கள் என்னும் கணக்கில் 1,92,500 ரூபாய் வழங்கப்பட்டது. அன்றைய நடுவண் நெறிமுறைப்படி நீண்டகாலப் பயிர்களுக்கு எக்டேருக்கு 18,000 ரூபாய்தான். அதனை அதே 175 மரங்களுக்குப் பிரித்தால் மரத்துக்கு ஏறத்தாழ 103 ரூபாயே வரும். மாநில அரசு அந்நெறிமுறையைப் பன்மடங்கு கடந்து சென்றது பாராட்டுக்குரியது. எனினும், அத்தொகை நில ஆவணத்தின் வழியே வழங்கப்பட்டது. பட்டாவில் பெயர் உள்ளவர் அதனைப் பெற முடிந்தது. தோப்பைக் குத்தகைக்கு எடுத்துக் காய் பறித்து விற்றவர், தேங்காய் உரிப்பவர், கீற்று முடைபவர், கயிறு திரிப்பவர், மரமேறுபவர் ஆகிய அனைவருக்கும் அதே தோப்புதான் சோறு போட்டது. நிலமற்ற இவர்களின் இழப்பை எழுத அப்பட்டியலில் ஒரு பத்தியும் இருக்கவில்லை. ஊருக்குத் தெரிந்த இவ்வுண்மையை ஆவணம் அறியவில்லை. ஆவணத்துக்கு அதனைச் சொல்லும் அதிகாரம் பெற்ற அவை அப்போது ஊரில் இல்லை.

தனித்தனிக் குடும்பங்களுக்குப் பணம் கொடுப்பதோடு மீட்பு முடிவதில்லை என்பதற்கும் தென்னையே சான்று. சாய்ந்த தண்டுகள் மட்கத் தொடங்கினால் காண்டாமிருக வண்டு அவற்றில் முட்டையிட்டுப் பெருகும். புதிதாக நட்ட கன்றின் குருத்தை அவ்வண்டு துளைத்து அழிக்கும். ஒருவர் தம் தோப்பைத் துப்புரவாக்கி நூறு கன்று நட்டாலும், வெளியூரில் வாழும் அடுத்த தோப்புக்காரர் தம் மரங்களை அகற்றாமல் விட்டால் முன்னவருடைய உழைப்பு வீணாகும். மரம் அகற்றுவதும் பொக்லைன் எந்திரத்தை முறைவைத்துப் பயன்படுத்துவதும், வெட்டிய மரத்தை ஒரே நேரத்தில் சந்தைக்குத் தள்ளி விலையை வீழ்த்தாமல் காப்பதும், நாற்றுப்பண்ணையிலிருந்து தரமான கன்றுகளைப் பெறுவதும் ஊர் முழுவதும் கூடி முடிவெடுக்க வேண்டிய செயல்கள். அவற்றைத் தனிமனிதரின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும் தொகையால் மட்டும் செய்ய இயலாது.

5. வெறுமையான இருக்கை

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு பேரிடர் மேலாண்மை ஆணையத்தை அமைக்கிறது. மாவட்ட ஆட்சியர் அதன் தலைவர். உள்ளாட்சி அமைப்பின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி அதன் இணைத் தலைவர். அரசு நிர்வாகமும் மக்களாட்சியும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்னும் நோக்கம் இவ்வமைப்பில் தெளிவாகத் தெரிகிறது. சேதமுற்ற பகுதிகளில் நிவாரணத்தையும் மறுவாழ்வையும் மறுகட்டுமானத்தையும் மேற்கொள்ளும் கடமையையும் இச்சட்டம் உள்ளாட்சிகளுக்கு விதித்துள்ளது.

கஜா வந்த நாளில் தமிழகத்தில் அந்த இருக்கை வெறுமையாக இருந்தது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அம்மாதம் நடக்கவிருந்த தேர்தல் நீதிமன்ற ஆணையால் நின்றது. அதன்பின் 2019 டிசம்பர் இறுதியில்தான் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட மூன்றாண்டுகளுக்கும் மேலான காலம் ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தா, 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரி மீனவரைக் கடலில் சிதறடித்த ஒக்கி, 2018இன் கஜா ஆகிய மூன்று புயல்களும் இந்த இடைவெளியிலேயே வந்தன. தனி அலுவலர் ஒருவர் எத்துணை உழைப்பாளியாயினும், ஒரே நேரத்தில் பல ஊராட்சிகளைச் சுமக்கும் அவரால் ஒவ்வொரு தெருவின் குரலாகவும் இருக்க முடியாது. அடுத்த தேர்தலில் மக்கள்முன் பதில் சொல்ல வேண்டிய கடப்பாடும் அவருக்கு இல்லை.

அதன் விளைவைக் காவிரி டெல்டா அனுபவித்தது. பாதிப்பைச் சொல்ல முறையான இடம் இல்லாத மக்கள், சாலையையே அவையாகக் கொண்டனர். பல ஊர்களில் மறியல்கள் நடந்தன. பார்வையிட வந்தவர்களின் வாகனங்கள் வழிமறிக்கப்பட்டன. சில இடங்களில் வன்முறையும் வழக்குகளும் நேர்ந்தன. அவற்றை வெறும் சட்டம் ஒழுங்குச் சிக்கலாகக் காண்பது பிழை. மறுபுறத்தில், தமிழகம் முழுவதிலுமிருந்து லாரிகளில் வந்த அரிசியும் போர்வையும் முதன்மைச் சாலையோர ஊர்களில் குவிந்து, உட்பகுதிக் குடியிருப்புகளுக்கு எட்டாமல் போனதும் அதே வெறுமையின் விளைவே. கொடுப்போர் எங்குக் கொடுப்பது என்று கேட்க ஒரு வாசல் இருக்கவில்லை.

6. கேரளமும் நாகப்பட்டினமும்

அதே 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரளத்தில் பெருமழையும் வெள்ளமும் 400-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. பேரிடரின் இயல்பு வேறெனினும், மீட்பின் அமைப்பை ஒப்பிடுவது பயனுள்ளது. அங்கு 2015இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகள் பணியில் இருந்தன. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்னும் பெண்கள் அமைப்பு, அயற்கூட்டம் எனப்படும் சிறு குழுக்களாக ஒவ்வொரு வார்டிலும் வேரூன்றியிருந்தது. சேறு நிறைந்த வீடுகளை அப்பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று கழுவினர். வெள்ளத்தில் வீட்டுப் பொருள்களை இழந்த உறுப்பினர்களுக்கு, வட்டியை அரசே ஏற்கும் முறையில், ஒரு லட்சம் ரூபாய் வரையிலான வங்கிக் கடன் அக்குழுக்களின் வழியே வழங்கப்பட்டது. பேரிடர்க்குப் பிந்தைய தேவை மதிப்பீடு என்னும் முறையான ஆய்வு உலக நிறுவனங்களின் துணையோடு நடத்தப்பட்டு, மீட்புக்கு ஏறத்தாழ 31,000 கோடி ரூபாய் தேவை எனக் கணிக்கப்பட்டது. கேரளத்திலும் தாமதமும் குறையும் இருந்தன. ஆயினும், குறையைச் சொல்ல வார்டு உறுப்பினர் ஒருவர் இருந்தார் என்பது சிறிய வேறுபாடன்று. கஜாவுக்குப் பின் கடன் தவணை கேட்டு நுண்கடன் நிறுவனத்தார் வந்தபோது டெல்டாப் பெண்கள் தனித்து நின்று எதிர்த்ததையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

தமிழகத்துக்கு இத்தகைய அனுபவமே இல்லை என்று கூறுவது பொருந்தாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் 6,000-க்கும் மேற்பட்டோரை இழந்த நாகப்பட்டினத்தில், நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் ஒரே நேரத்தில் குவிந்தபோது, சில நாட்களுக்குள் ஓர் ஒருங்கிணைப்பு வள மையம் தோன்றியது. ஸ்நேகா, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஆகிய உள்ளூர் அனுபவம் மிக்க அமைப்புகள் முன்னின்று, மாவட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்போடு நடத்திய அம்மையம், எந்த ஊரில் எந்த நிறுவனம் என்ன பணி செய்கிறது என்பதைத் தொகுத்தது. வீட்டுவசதி, வாழ்வாதாரம், உடல்நலம் எனத் துறைவாரியாகக் கூட்டங்களை நடத்தியது. அரசாணைகளை மக்களுக்கு விளக்கவும் மக்களின் குறைகளை ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொண்டு செல்லவும் கிராமத் தகவல் மையங்களை அமைத்தது.

அவ்வனுபவம் இரண்டு எச்சரிக்கைகளையும் விட்டுச் சென்றது. படகுக்கு உதவ முன்வந்த நிறுவனங்கள் மிகுந்தமையால் கண்ணாடியிழைப் படகுகள் தேவைக்கு மேல் பெருகி, கரையோர மீன்வளத்தின்மீது சுமையாயின. கேட்பவர் குரலின் வலிமைக்கேற்ப உதவி பகிரப்பட்டால் நேர்வது இதுவே. மேலும், மீனவரின் ஊர்ப் பஞ்சாயத்துகள் வழியே உதவி விரைவாகப் பகிரப்பட்டது உண்மையாயினும், அப்பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு இடமில்லை. கடலோரத் தலித் மக்களும் இருளரும் அவற்றின் எல்லைக்கு வெளியே வாழ்ந்தனர். கணவனை இழந்த பெண்ணும், கடலில் இறங்காவிடினும் மீனை நம்பிப் பிழைத்த கூலியாளும் விடுபட்டுப் போயினர். ஊர் ஒரே குரலில் பேசும் ஒரே உடலன்று. சாதியும் பாலினமும் அதனைப் பிளக்கின்றன. அதனால், மக்கள் பங்கேற்பு என்ற பெயரில் மரபுவழித் தலைமையிடம் பட்டியலை ஒப்படைப்பது, அலுவலரிடமே விட்டுவிடுவதைவிட நியாயமானதாகிவிடாது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் சட்டம் இடம் ஒதுக்கியுள்ள ஊராட்சியும், வயதுவந்த ஒவ்வொருவரும் உறுப்பினரான கிராம சபையும் மாற்றாகக் கருதத்தக்கவை என்பதற்குக் காரணம் இதுவே.

7. நிதியும் அதன் நெறிமுறையும்

இந்தியாவில் பேரிடர் நிதி, மாநிலப் பேரிடர் நிவாரண நிதி, தேசியப் பேரிடர் நிவாரண நிதி என இரு நிலைகளில் உள்ளது. முன்னதற்குப் பெரும்பாலான மாநிலங்களில் நடுவண் அரசு 75 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் அளிக்கின்றன; மாநிலத்தின் தாங்குதிறனைக் கடந்த பேரிடருக்குப் பின்னதிலிருந்து உதவி பெறப்படுகிறது. கஜாவுக்காகத் தமிழக அரசு ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் கேட்டது. 2018 டிசம்பர் இறுதியில் தேசிய நிதியிலிருந்து 1,146 கோடி ரூபாய் ஒப்பளிக்கப்பட்டது. இப்பெரும் இடைவெளியின் பின்னணியில் அரசியல் எதுவாயினும், அடிப்படைக் காரணம் ஒன்றுண்டு: அந்நிதிகளின் நெறிமுறை உடனடி நிவாரணத்துக்காக வகுக்கப்பட்டது, இழப்பு முழுவதையும் ஈடுசெய்வதற்காக அன்று.

பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு இக்குறையை ஓரளவு களைந்தது. மாநிலப் பேரிடர் நிதியில் 20 விழுக்காட்டை இடர்த்தணிப்புக்கும், 40 விழுக்காட்டை நிவாரணத்துக்கும், 30 விழுக்காட்டை மீட்புக்கும் மறுகட்டுமானத்துக்கும், 10 விழுக்காட்டை ஆயத்தத்துக்கும் அது பிரித்து வைத்தது. மீட்புக்கெனத் தனி ஒதுக்கீடு பிறந்துவிட்டது. அதனைப் பெற்றுச் செலவிட ஊரில் ஓர் அமைப்பு இன்னும் பிறக்கவில்லை. ஊராட்சிக்குக் குறிப்பிட்ட தொகை நேரடியாக வந்து சேரும் வழி திறக்கப்படாவிடில், புதிய ஒதுக்கீடும் பழைய துறைவாரிக் கால்வாய்களிலேயே ஓடும்.

அரசின் நிதி வருமுன்பே மக்கள் செய்யக்கூடியது எவ்வளவு என்பதைப் பேராவூரணி காட்டியது. கஜாவுக்கு அடுத்த ஆண்டில், கடைமடைப் பகுதி விவசாயிகளும் இளைஞர்களும் கைஃபா என்னும் அமைப்பாகக் கூடி, தங்கள் உழைப்பாலும் நன்கொடையாலும் பேராவூரணிப் பெரிய குளத்தைத் தூர்வாரி மீட்டனர். பின்னர் பிற நீர்நிலைகளுக்கும் அப்பணி பரவியது. தென்னையை இழந்த வட்டாரம் நீரை மீட்பதிலிருந்து தன் எதிர்காலத்தைத் தொடங்கியது. அத்தகைய முனைப்பு தற்செயலாகத் தோன்றும் வரை காத்திராமல், அதனை எதிர்பார்த்து இடம் வைத்திருப்பதே நல்லாட்சியின் இலக்கணமாகும்.

8. செய்ய வேண்டுவன

முதலாவதாக, இழப்புப் பட்டியலின் அடித்தளம் புயலுக்கு முன்பே எழுதப்பட வேண்டும். தமிழகத்தில் அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை அதையொட்டியே தொடங்குகிறது. அந்தச் சபையில் ஊரின் குடிசைகள், மரங்கள், கால்நடைகள், படகுகள், குத்தகையாளர், நிலமற்ற தொழிலாளர், துணையின்றி வாழும் முதியோர் ஆகியோரின் பதிவேட்டை ஆண்டுதோறும் வாசித்து ஒப்புதல் பெற்றால், புயலுக்குப் பின் எழும் பூசல்களில் பெரும்பகுதி எழாமலே போகும்.

இரண்டாவதாக, புயலுக்குப் பின் தயாரிக்கும் பட்டியல் குறித்த நாட்களுக்குள் சிறப்புக் கிராம சபையில் பெயர் பெயராக வாசிக்கப்பட வேண்டும். விடுபட்டவர் முறையிடவும், அம்முறையீடு எழுத்தில் விடை பெறவும் வழி வேண்டும். ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இலேயே கிராம சபையின் சமூகத் தணிக்கைக்கு வழி வகுத்தது. மக்கள்முன் கணக்கு வாசிப்பது தமிழகத்துக்குப் புதிதன்று. பேரிடர்ப் பணத்துக்கும் அதனை விரிவாக்குவதே தேவை.

மூன்றாவதாக, ஒவ்வொரு கடலோர மாவட்டத்திலும் நாகப்பட்டினத்தின் ஒருங்கிணைப்பு மையத்தை ஒத்த நிலையான மீட்பு மையம் ஒன்று ஆட்சியர் தலைமையில் இயங்க வேண்டும். மாவட்ட ஊராட்சித் தலைவர், மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு, மீனவர் மற்றும் விவசாயிகள் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியோர் அதில் இடம்பெற வேண்டும். புயல் கடந்தபின் குறைந்தது மூன்றாண்டுகள் அதன் பணி தொடர வேண்டும். நிவாரண முகாம் மூடப்பட்ட நாளோடு அது மூடப்படலாகாது.

நான்காவதாக, இழப்பீட்டு நெறிமுறையில் நிலவுடைமையோடு உழைப்பும் ஒரு தகுதியாக ஏற்கப்பட வேண்டும். குத்தகையாளருக்கும் தோப்புத் தொழிலாளருக்கும் உப்பளத் தொழிலாளருக்கும் இழந்த வேலைநாட்களின் அடிப்படையில் வாழ்வூதியம் வழங்கலாம். மரம் அகற்றுதல், குளம் தூர்வாருதல், கன்று வளர்த்தல் ஆகிய மீட்புப் பணிகளையே கூலிவேலையாக அவர்களுக்கு அளிக்கலாம்.

ஐந்தாவது, ஏனைய நான்குக்கும் அடிப்படையானது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிவதற்கு முன்பே உள்ளாட்சித் தேர்தல் நடந்து முடிய வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243-இ பிரிவு விதிக்கிறது. அவ்விதி இருந்தும், 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகள் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து மீண்டும் தனி அலுவலர்களிடம் சென்றன. நாகப்பட்டினமும் திருவாரூரும் தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் அவற்றுள் அடங்கும். கஜா கண்ட அதே வெறுமை, கஜா கண்ட அதே மாவட்டங்களில் திரும்பியது.

பேரிடர் மேலாண்மை என்பது வானிலை அறிவும் பொறியியலும் நிதியும் சேர்ந்த துறை மட்டுமன்று. அது மக்களாட்சியின் ஒரு பகுதி. உயிரைக் காக்கும் கலையை இக்கடற்கரை கற்றுவிட்டது. வாழ்வைக் காக்கும் கலை எஞ்சியுள்ளது; அதற்குத் தேவையான சட்டமும் கிராம சபையும் மக்களின் முனைப்பும் ஏற்கெனவே கைவசம் உள்ளன. ஆகவே, உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்துவதைப் புயல் ஆயத்தத்தின் முதல் பணியாக அரசு கொள்ள வேண்டும். ஒவ்வோர் அக்டோபர் கிராம சபையிலும் தங்கள் ஊரின் பதிவேட்டைக் கேட்டு வாங்கி வாசிக்கச் செய்வதைத் தங்கள் கடமையாக மக்களும் கொள்ள வேண்டும்.